யாருக்கு ஆதரவு? கல்கத்தாவும் அடிமைமுறையின் சொற்களும்



ஒரு மொழிபெயர்ப்புச் சிக்கலிலிருந்து தொடங்குகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. அதில் 'புரோ-ஸ்லேவரி' என்ற ஆங்கிலச் சொல் பக்கத்துக்குப் பக்கம் வரும். அடிமைமுறை நிலைக்க வேண்டும் என்று வாதாடியவர்கள், அவர்களுடைய கட்சி, அவர்களுடைய செய்தித்தாள் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். நான் 'அடிமை ஆதரவாளர்' என்று எழுதி அனுப்பினேன். மெய்ப்புப் பார்த்த அம்மையார் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வி போட்டிருந்தார்: "இவர் ஆதரிப்பது அடிமையையா, அடிமைமுறையையா?"

சரியான கேள்வி. தமிழில் 'அடிமை' என்றால் அந்த நிலையும்தான், அந்த நிலையில் கிடக்கும் ஆளும்தான். 'ஆதரவு' என்பதோ பரிவு கலந்த சொல். ஆதரவற்றோர் இல்லம் என்கிறோம். துக்க வீட்டுக்குப் போய் ஆதரவாக நாலு வார்த்தை பேசினார் என்கிறோம். இரண்டையும் சேர்த்து 'அடிமை ஆதரவாளர்' என்று எழுதினால், அடிமைகளுக்கு இரங்கும் நல்ல மனிதர் ஒருவர் கண்முன் வந்து நிற்கிறார். நடுவில் 'முறை'யைச் சேர்த்து அன்றைக்கு வேலையை முடித்தேன்.

அந்தக் கேள்வி இலக்கணத்தோடு முடியவில்லை என்பது இந்தக் கல்கத்தா நகரத்தின் பழைய ஆவணங்களைப் படிக்கத் தொடங்கிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. கல்கத்தாவில் அடிமைமுறையைத் தாங்கிப் பிடித்தவர்கள் ஒருவர்கூடத் தம்மை அடிமைமுறையின் ஆதரவாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. அடிமையை ஆதரிக்கிறோம் என்றார்கள். சோறு போடுகிறோம், சாவிலிருந்து மீட்டோம், வீட்டுப் பிள்ளையாக வளர்க்கிறோம் என்றார்கள். என் பிழையான மொழிபெயர்ப்பு கல்கத்தாவுக்கு மட்டும் கச்சிதமாகப் பொருந்திவிட்டது. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

முதலில் அந்த ஆங்கிலச் சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எதிர்ப்பு தோன்றிய பிறகுதான் ஆதரவுக்குப் பெயர் கிடைத்தது. அடிமைமுறை ஊரறிந்த நடைமுறையாக, கேள்வி கேட்பாரற்று இருந்த காலமெல்லாம் அதை ஆதரிப்பவர் என்று தனியாக ஒருவரைச் சுட்ட வேண்டியிருக்கவில்லை. 1787இல் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புச் சங்கம் தொடங்கியது. 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த வணிகத்தைத் தடை செய்தது. அடிமைமுறைக்கு எதிரானவர் என்ற அடையாளம் இப்படி வலுப்பெற்ற பிறகுதான் அதற்கு மறுபக்கமாக இந்தச் சொல் புழக்கத்துக்கு வந்தது. எதிராளி மேல் ஒட்டும் குற்றச்சாட்டாகத்தான் பெரும்பாலும் பயன்பட்டது. அமெரிக்கத் தென்மாநிலத்தவர்கூட நெடுங்காலம், 'இது தீமைதான், ஆனால் விட முடியாத தீமை' என்று தயங்கித்தான் பேசினார்கள். 1837 பிப்ரவரி 6ஆம் தேதி செனட் சபையில் ஜான் கால்ஹூன் அந்தத் தயக்கத்தை உதறினார். அடிமைமுறை தீமையே அல்ல, நன்மை என்று அறிவித்தார். அதன்பின் தென்மாநில எழுத்தாளர்கள் குற்றச்சாட்டாக வந்த சொல்லைக் கொடியாகவே பிடித்தார்கள்.

கல்கத்தாவில் ஒரு கால்ஹூன் தோன்றவில்லை. அதை இந்த நகரத்துக்குப் பெருமையாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஹூக்ளி ஆற்றைப் பாருங்கள். 1785 ஜூன் மாதம் கல்கத்தா உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி சர் வில்லியம் ஜோன்ஸ் 'கிராண்ட் ஜூரி' என்ற நடுவர் குழுவின் முன் பேசினார். ஆசியக் கழகத்தை முந்தைய ஆண்டு நிறுவியவர், காளிதாசனை ஐரோப்பாவுக்கு அறிமுகம் செய்யப்போகிறவர், பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் உயர்ந்த கூம்பின் கீழ் இன்று உறங்குகிறவர், அதே ஜோன்ஸ்தான். இந்த நகரத்தின் எந்த மூலையிலும் ஓர் அடிமைப் பிள்ளையாவது வைத்திராத ஆளைக் காண்பது அரிது என்றார். அற்ப விலைக்கு வாங்கப்பட்ட பிள்ளைகள், பஞ்சத்தில் சாகக் கிடந்து மீட்கப்பட்ட பிள்ளைகள். வெளிப்படையாக விற்பதற்காகக் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு பெரிய படகுகள் ஆற்றில் வருவதை இங்கே அறியாதவர் உண்டா என்று கேட்டார். அவர்களில் பலர் பெற்றோரிடமிருந்து திருடப்பட்டவர்கள் என்றார். அவர்கள் படும் கொடுமை கற்பனைக்கு எட்டாதது என்றும் சொன்னார்.

இதுவரை கேட்டால் அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். அந்த உரை அங்கே நிற்கவில்லை. தம் வீட்டிலும் அப்படிப்பட்ட பிள்ளைகள் இருப்பதாக ஜோன்ஸ் ஒப்புக்கொள்கிறார். அவர்களைச் சாவிலிருந்தும் துயரத்திலிருந்தும் மீட்டதாகச் சொல்கிறார். தாம் அவர்களை வேலைக்காரர்களாகத்தான் கருதுவதாகவும், அவர்களுக்கு விவரம் தெரியும்போது அதைச் சொல்லிவிடப்போவதாகவும் சேர்த்துக்கொள்கிறார். ஒரு மனிதன் குதிரையைப் போல, மாட்டைப் போல இன்னொருவனுக்கு உடைமையாவதை ஆங்கிலச் சட்டம் அறியாது என்கிறார். அப்படியானால் வாங்கிய பிள்ளை யார்? ஒப்பந்தத்தின் பேரில் இருக்கும் வேலைக்காரர். ஒப்பந்தம் செய்தது யார்? பிள்ளையே செய்திருக்கலாம், அல்லது பிள்ளைக்காக ஒப்பந்தம் செய்ய இயற்கையாலோ சட்டத்தாலோ உரிமை பெற்ற பெரியவர் செய்திருக்கலாம்.

இந்த இடத்தில் நான் பல நாள் நின்றிருக்கிறேன். ஜோன்ஸ் கொடியவர் அல்ல. கண்ணால் கண்டதை மறைக்காமல் சொன்னவர். ஆனால் அவர் போட்டுத் தந்த பாதையில்தான் அடுத்த அறுபது ஆண்டுகளும் வாதம் நடந்தது. பஞ்சத்தில் தாய் பிள்ளையை விற்கிறாள். வாங்கியவர் விலை கொடுத்ததை இரக்கம் என்கிறார். சட்டம் அதை ஒப்பந்தம் என்கிறது. அடிமை என்ற சொல் அந்த வீட்டுக்குள் நுழையவே இல்லை.

பத்திரிகைகளில் அந்தச் சொல் தாராளமாக நடமாடியது. 1780இல் தொடங்கிய ஹிக்கியின் பெங்கால் கெஜட்டிலும் அக்காலத்து மற்ற இதழ்களிலும் ஓடிப்போன அடிமைச் சிறுவனைப் பிடித்துத் தந்தால் பரிசு என்ற விளம்பரம் வரும். பிரெஞ்சு ஹார்ன் என்ற ஊதுகருவியை வாசிக்கத் தெரிந்த ஆப்பிரிக்க அடிமைகள் வேண்டும் என்றும் வரும். அவர்களைக் 'காப்ரி' என்று எழுதினார்கள். நம் பழைய எழுத்துகளில் வரும் 'காப்பிரி' அதுவே. அரபியில் பிறந்து போர்ச்சுகீசியர் நாவில் ஏறி நம் கடற்கரைக்கும் வங்கக் கடற்கரைக்கும் வந்து இறங்கிய சொல்.

1789 ஜூலையில் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் பிரபு ஓர் அறிவிக்கை வெளியிட்டார். வங்கத்திலிருந்து அடிமைகளைக் கடல்வழியே வெளியே கொண்டுபோய் விற்கக் கூடாது. 1811இல் வந்த பத்தாம் ஒழுங்குமுறை வெளியிலிருந்து கொண்டுவந்து விற்பதையும் தடுத்தது. நல்லவைதான். ஆனால் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கும் ஆளை இவை தொடவில்லை. படகில் இருந்தால் சரக்கு, வாசற்படி தாண்டினால் குடும்பம் என்று ஆயிற்று.

வாசற்படிக்கு உள்ளே நடப்பதற்குச் சட்டம் எது என்று கேட்டபோது கிழக்கிந்தியக் கம்பெனி நீதிமன்றங்கள் பண்டிதர்களையும் மௌலவிகளையும் அழைத்தன. பண்டிதர்கள் தருமநூல்களைப் பிரித்தார்கள். மனு ஏழு வகை அடிமைகளைச் சொல்கிறார், நாரதர் பதினைந்து. அந்தப் பதினைந்தில் ஒரு வகையின் பெயர் 'அனாகால பிருதன்', அதாவது பஞ்சகாலத்தில் சோறு போட்டுக் காப்பாற்றப்பட்டவன். மனுவின் ஏழில் ஒன்று 'பக்த தாசன்'. இங்கே பக்தன் என்பது அன்பரைக் குறிக்கவில்லை. 'பக்தம்' என்றால் சமைத்த சோறு. இந்த ஊரில் நாம் அன்றாடம் கேட்கும் 'பாத்' என்ற வங்கச் சொல் அதிலிருந்து வந்ததுதான். பக்த தாசன் சோற்றுக்காக அடிமையானவன். காப்பாற்றியதே அடிமைப்படுத்தியதற்கு ஆதாரமாகத் தருமநூலில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஜோன்ஸுக்கு முன்னே ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வாதம் இங்கே தயாராக இருந்தது.

நம் தமிழகத்துப் பக்கம் வேறு மாதிரியா? காவிரிப் பாசனத்தில் 'படியாள்', 'பண்ணையாள்' என்பார்கள். படி என்பது நெல் அளக்கும் படி. ஆளுக்குப் பெயர் வைக்கும்போதே அவருக்கு அளந்து போட்டதைத்தான் நினைவில் வைத்தார்கள். அவரிடமிருந்து எடுத்துக்கொண்டதை அந்தப் பெயரில் எங்கும் காணோம். 1819இல் சென்னை வருவாய் வாரியம் மாவட்ட ஆட்சியர்களிடம் அடிமைகள் பற்றி அறிக்கை கேட்டது. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி வயல்களில் தலைமுறை தலைமுறையாகப் பள்ளர்களும் பறையர்களும் நிலத்தோடு கட்டுண்டு உழைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஏரைத் தொடக்கூடாத மிராசுதாரருக்கு இந்த ஆட்கள் இல்லாவிட்டால் சாகுபடி நின்றுவிடும், வரியும் நின்றுவிடும் என்ற கவலைதான் அதிகாரிகளின் மறுமொழிகளில் மேலோங்கியது. வாரியமும் பெரிதாக எதையும் கலைக்கவில்லை.

தமிழர்கள் எல்லோரும் அறிந்த அடிமை வழக்கு ஒன்று உண்டு. பெரியபுராணத்தில், திருமண மேடையிலிருந்த சுந்தரரை வழிமறித்த கிழவர், 'நீ எனக்கு அடிமை' என்று ஓலையைக் காட்டுகிறார். பாட்டன் எழுதிக் கொடுத்த ஆளோலை, பேரனைப் பிணைக்கிறது. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. அவையினர் ஓலையை வாங்கிப் பார்த்துக் கையெழுத்தை ஒப்பிட்டு, சுந்தரர் அடிமையே என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். வந்தவர் சிவபெருமான் என்பதால் அந்தக் கதை நமக்குப் பக்தியாக இனிக்கிறது. எனக்கும் இனிக்கிறது. ஆனால் சேக்கிழார் காலத்தில் ஒரு பாட்டன் எழுதிய ஓலை பேரனை அடிமையாக்கும் என்பதைக் கேட்டவர் எவரும் விநோதமாக நினைத்திருக்க மாட்டார்கள். இல்லாவிட்டால் கதையே நின்றிருக்காது. அந்தக் கதையில் வியப்பை ஊட்டுவது ஒன்றுதான்: அந்தணர் அந்தணருக்கு அடிமையாவது உண்டா என்று சுந்தரரே கேட்கிறார்.

அடிமை என்ற சொல்லை நாம் கோயிலுக்குள் அழைத்துப் போய் உயர்த்தினோம். அடியேன், அடியார், ஆட்செய்தல். வங்காளிகளும் அப்படியே, வைணவர் தம்மைத் தாசர் என்றார்கள். பிராமணப் பெண்கள் பெயரோடு 'தேவி'யும் மற்றப் பெண்கள் 'தாசி'யும் சேர்த்துக் கையெழுத்திட்ட காலம் இங்கே வெகு தொலைவில் இல்லை. ஒரு சொல் கருவறையில் இவ்வளவு மணந்தால், வயலில் அதன் நாற்றம் நம் மூக்குக்கு எட்டுவது கடினமாகிவிடுகிறது.

மீண்டும் கல்கத்தாவுக்கு வருகிறேன். இந்தக் கதையில் என்னை மிகவும் உலுக்கிய பகுதி சர்க்கரை.

1820களில் பிரிட்டனில் அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் மேற்கிந்தியத் தீவுகளின் சர்க்கரையைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். அது அடிமைகளின் இரத்தத்தில் விளைந்தது. அதற்குப் பதிலாக வங்கத்தின் சர்க்கரையை வாங்குங்கள், அது சுதந்திரமான மனிதர்கள் விளைவித்தது என்றார்கள். சக்கரி மெக்காலே 1823இல் இந்த வாதத்தை விரிவாக எழுதி வெளியிட்டார். அதற்கு மறுமொழி சொன்னவர்கள் யார் தெரியுமா? மேற்கிந்தியத் தோட்ட முதலாளிகளின் கட்சி. 'இந்தியாவில் மட்டும் அடிமைகள் இல்லையா?' என்று கேட்டு, மலபாரின் அடிமைகளையும் வங்கத்தின் அடிமைகளையும் கணக்கெடுத்து அடுக்கியவர்கள் அவர்கள்தான். அடிமைமுறையின் ஆதரவாளர்கள் வாயிலிருந்து இந்திய அடிமையைப் பற்றிய உண்மை வந்தது. ஒழிப்பு இயக்கத்தார் அதைக் குறைத்துச் சொன்னார்கள். இந்திய அடிமைத்தனம் மென்மையானது, வீட்டோடு சேர்ந்தது, நம் எதிரிகள் மிகைப்படுத்துகிறார்கள் என்றார்கள். ஒரு நல்ல போரில் ஈடுபட்டிருந்தவர்கள் தம் வாதம் பழுதுபடாமலிருக்க நம் ஊர் அடிமையை மறைத்துவிட்டார்கள். அதை எப்படி மன்னிப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

அந்த மறைப்பின் பலன் சட்டத்தில் தெரிந்தது. 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் இயற்றியது; 1834 ஆகஸ்ட் 1ஆம் தேதி அது நடப்புக்கு வந்தது. அடிமைகளை இழந்த முதலாளிகளுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு. அடிமைகளுக்கு ஒரு பென்னி இல்லை. அதன் 64ஆம் பிரிவு கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகள், இலங்கை, செயிண்ட் ஹெலனா ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்றது. அதே ஆண்டின் கம்பெனிப் பட்டயச் சட்டம் கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநரிடம், இந்திய அடிமைகளின் நிலையைத் தணிக்கவும் காலப்போக்கில் அடிமைமுறையை இல்லாமலாக்கவும் ஆலோசிக்கும்படி சொன்னது. ஒழிப்புக்கு வரைவில் இருந்த கெடுநாள் பிரபுக்கள் சபையில் கழன்றுவிழுந்தது. 'ஆலோசிக்க' என்பது எஞ்சியது.

ஆலோசிக்க வந்தவர் சக்கரி மெக்காலேயின் மகன் தாமஸ் பாபிங்டன் மெக்காலே. சௌரங்கியில் பிற்காலத்தில் பெங்கால் கிளப் நின்ற இடத்தில்தான் அவர் குடியிருந்தார். கால்ஹூன் செனட்டில் முழங்கிய அதே 1837இல் மெக்காலேயின் சட்ட ஆணையம் தண்டனைச் சட்ட வரைவை முடித்தது. சுதந்திர மனிதனுக்குச் செய்தால் குற்றமாவது அடிமைக்குச் செய்தாலும் குற்றம். எஜமானன் என்பதற்காக எவருக்கும் விலக்கு இல்லை என்பது அதன் நிலைப்பாடு. நான் அவருடைய கல்விக் குறிப்பை வெறுப்பவன். இந்த இடத்தில் அவரைப் பாராட்டாமல் இருக்க முடியாது.

அவருக்குப் பின் வந்த ஆணையம் 1841 ஜனவரி 15ஆம் தேதி அடிமைமுறை பற்றிய பெரிய அறிக்கையைத் தந்தது. அதன் பக்கங்களில் 'மென்மையான', 'வீட்டு', 'பழைய வழக்கம்' என்ற சொற்கள் அலையலையாக வரும். பஞ்சம் அடிக்கடி வருகிற நாட்டில் அடிமைமுறை ஒருவகையில் ஏழைகளுக்குக் காப்பு என்ற எண்ணமும் உண்டு. பெரும்பான்மையினர் கொடுமைகளைத் தடுத்தால் போதும், நிறுவனத்தைத் தொட வேண்டாம் என்ற பக்கமே சாய்ந்தார்கள். ஆணைய உறுப்பினர்களான கேமரானும் மில்லெட்டும் மாறுபட்டார்கள். நூற்றுக்கணக்கான பக்கங்களில் நீதிபதிகள் பேசுகிறார்கள், ஆட்சியர்கள் பேசுகிறார்கள், பண்டிதர்கள் பேசுகிறார்கள். அடிமை பேசுவது அரிதினும் அரிது. தன்னை 'ஆதரித்தவரை'ப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று கேட்க அவர்களில் பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

இந்த மென்மை வாதத்தை நேருக்கு நேர் எதிர்த்த ஒருவரை இங்கே நினைக்க வேண்டும். வில்லியம் ஆடம், பாப்டிஸ்டு ஊழியராகக் கல்கத்தா வந்தவர், ராம்மோகன் ராயின் நண்பராகி யூனிடேரியன் ஆனவர், வங்கத்துக் கிராமப் பள்ளிகளைச் சுற்றிப் பார்த்துப் புகழ்பெற்ற கல்வி அறிக்கைகளை எழுதியவர். அவர் அமெரிக்கா போனார். அங்கே அடிமைமுறைப் போராட்டத்தின் நடுவில் உட்கார்ந்து, பிரிட்டிஷ் இந்தியாவின் அடிமைச் சட்டத்தையும் வழக்கத்தையும் பற்றி, பிரிட்டிஷ் ஒழிப்பு இயக்கத் தலைவர் பக்ஸ்டனுக்குக் கடிதங்களாக ஒரு நூல் எழுதி 1840இல் பாஸ்டனில் வெளியிட்டார். கால்ஹூனின் சொற்களைக் காதால் கேட்கும் தூரத்தில் இருந்துகொண்டு கல்கத்தாவின் இனிய சொற்களைத் திரும்பிப் பார்த்தவர் அவர். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்பது அங்கிருந்து பார்த்தவருக்குத் தெரிந்தது.

1843 ஏப்ரல் 7ஆம் தேதி, தலைமை ஆளுநர் எல்லன்பரோ பிரபுவின் காலத்தில், ஐந்தாம் சட்டம் வந்தது. நான்கே பிரிவுகள். வரி பாக்கிக்காகவோ தீர்ப்பை நிறைவேற்றவோ எந்த அதிகாரியும் அடிமை என்று ஒருவரை விற்கக் கூடாது. அடிமை என்ற உடைமை உரிமையை எந்த நீதிமன்றமும் நிலைநாட்டாது. அடிமை என்பதற்காக ஒருவரின் சொத்தைப் பறிக்க முடியாது. சுதந்திர மனிதர்மீது செய்தால் குற்றமாவது யார்மீது செய்தாலும் குற்றம். திருவெண்ணெய்நல்லூர்க் கிழவரின் ஓலை இனி எந்த அவையிலும் செல்லாது. இந்தச் சட்டத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. ஆனால் 'அடிமை' என்றால் யார் என்று அது வரையறுக்கவில்லை. ஒருவரை அடிமையாக வைத்திருப்பதையும் அது குற்றமாக்கவில்லை. வைத்திருப்பவருக்கு உதவ அரசு வராது என்று மட்டும் சொன்னது. ஆளை அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றமாக 1860இன் தண்டனைச் சட்டம் வர வேண்டியிருந்தது. அது நடப்புக்கு வந்தது 1862இல். உடைமை என்ற சொல் நீதிமன்றத்தில் செத்துப்போனதால், வீட்டுக்குள் அந்த உறவுக்கு உறவுப் பெயர்களே துணையாக நின்றன. அக்கா, ஆயா, வளர்ப்புப் பெண்.

அதற்குள் இதே ஆற்றங்கரையில் இன்னொரு சொல் தயாராகிவிட்டது. அது நம்முடைய சொல். கூலி.

வள்ளுவர் ஆள்வினையுடைமை அதிகாரத்தில் உழைப்புக்குக் கிடைக்கும் பலனைச் சொல்ல எடுத்தாண்ட சொல் அது. உழைத்தவர் கைக்கு வரவேண்டிய ஊதியம். அதன் ஆங்கில வடிவம் எப்படிப் பிறந்தது என்பதில் குஜராத்தின் கோலி இனப்பெயரையும் சிலர் சொல்வார்கள்; தமிழ்க் கூலியும் அதில் கலந்திருக்கிறது என்பது என் எண்ணம். எப்படியானாலும், கையில் வாங்க வேண்டியதன் பெயர் ஆளின் பெயராகிவிட்டது.

1836 ஜனவரியில் லிவர்பூல் வணிகர் ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தாவிலிருந்த கில்லாண்டர்ஸ் அர்பத்நாட் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பிரிட்டனின் பிற்காலப் பிரதமருடைய தந்தை. பிரிட்டிஷ் கயானாவின் டெமெராராவில் கரும்புத் தோட்டங்களும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட அடிமைகளும் வைத்திருந்தவர். இழப்பீடாக ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் பெற்றவர். விடுதலையாகிவரும் நீக்ரோக்களை இனி நம்ப முடியாது, மொரிஷியசுக்கு அனுப்புவதைப் போலத் தமக்கும் ஆட்களை அனுப்ப முடியுமா என்று கேட்டார். ஜூன் மாதம் பதில் போனது. சோட்டா நாக்பூர் மலைவாசிகளான தாங்கர்களை அனுப்புவதில் சிரமமில்லை; உண்பது, குடிப்பது, உறங்குவது தவிர அவர்களுக்குத் தேவை எதுவும் இல்லை; சமவெளி மக்கள் அவர்களை மனிதரைவிடக் குரங்குக்கு நெருக்கமானவர்கள் என்றே பேசுகிறார்கள் என்று அதில் எழுதியிருந்தது. அந்தக் கடிதத்தின் நடையில் பகை இல்லை, கோபம் இல்லை. சரக்கின் தரம் விசாரித்தவருக்கு எழுதும் பதிலின் அமைதி. அதைப் படித்த மாலையில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

1838 ஜனவரியில் விட்பி, ஹெஸ்பெரஸ் என்ற இரண்டு கப்பல்கள் நானூறு பேருக்கு மேல் ஏற்றிக்கொண்டு கல்கத்தாவிலிருந்து புறப்பட்டன. மே 5ஆம் தேதி பிரிட்டிஷ் கயானாவில் சேர்ந்தன. அந்த ஜூலையில் கல்கத்தா டவுன் ஹாலில் கூலி வணிகத்தை எதிர்த்துப் பொதுக்கூட்டம் நடந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழுவில் வங்காளியான ரசமய் தத்தும் ஓர் உறுப்பினர். 1840இல் குழுவின் பெரும்பான்மை, ஆட்கள் பொய்யாலும் வஞ்சனையாலும்தான் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டார்கள் என்று சொன்னது. காலனிச் செயலர் ஜான் ரஸ்ஸல் பிரபு, புதிய அடிமைமுறை ஒன்றுக்குப் பொறுப்பேற்க மனமில்லை என்று அதே ஆண்டு எழுதினார். 1839இல் வந்த தடை மொரிஷியசுக்கு 1842இலேயே தளர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்கு அடுத்த சில ஆண்டுகளில் நீங்கியது. மொரிஷியசுக்கு ஏறத்தாழ நாலரை லட்சம் பேர், கயானாவுக்கு இரண்டு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். நேட்டாலுக்கு 1860இல் முதற்கப்பல் சென்னையிலிருந்து போனது, இரண்டாவது கல்கத்தாவிலிருந்து. பாரதி கரும்புத் தோட்டத்துப் பெண்களை நினைத்து அழுத பிஜித் தீவுக்கும் 1879இல் முதற்கப்பல் இங்கிருந்துதான் போனது. கார்டன் ரீச்சின் சுரிநாம் படித்துறையில் நின்றால் அந்த நீர்வழி இன்றும் கண்ணுக்குத் தெரியும். ஜோன்ஸ் குடியிருந்ததும் கார்டன் ரீச்தான். பிள்ளைகளை ஏற்றிய படகுகள் மேலிருந்து வந்த அதே நீரில் இவர்கள் கீழ்நோக்கிப் போனார்கள்.

இப்போதும் 'ஆதரவு' கைவிடவில்லை. ஊரில் பட்டினி கிடந்தவர்களுக்கு வேலை கொடுத்தோம், கப்பலில் சோறு போட்டோம், துணி கொடுத்தோம், ஒப்பந்தத்தில் அவரே கைநாட்டு வைத்தார். அந்த ஒப்பந்தம் 'கிர்மிட்' என்று மருவி மனிதரையே கிர்மிட்டியா ஆக்கியது. ஜோன்ஸ் 1785இல் வாங்கிய பிள்ளைக்குச் சொன்ன அதே சொல், ஒப்பந்தம், வளர்ந்த ஆளுக்கு வந்து சேர்ந்தது.

இலங்கை மலையகத்தில் அதற்குத் 'துண்டு' என்று பெயர் இருந்தது. கடனை எழுதிய அந்தச் சீட்டு இல்லாமல் அன்று ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக முடியவில்லை. நம் செங்கல் சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் 'முன்பணம்' என்று பெயர். 1976இன் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் அந்த முன்பணத்தைத்தான் கொத்தடிமைத்தனத்தின் வேராகச் சுட்டுகிறது. இதைப் பேசப் போகிறவர்களிடம் சூளைக்காரர் சொல்வது என்ன என்று அந்தத் துறையில் வேலை செய்தவர்களைக் கேளுங்கள். 'மகள் கல்யாணத்துக்கு நான்தானே கொடுத்தேன்.'

இனிச் சொல்லப்போவது என் வீட்டுக் கதை. தஞ்சாவூர்ப் பக்கம் என் பாட்டி வீட்டில் ஒரு பெண் இருந்தார். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். ஏழெட்டு வயதில் யாரோ கொண்டுவந்து விட்டுப் போனதாகச் சொல்வார்கள். கோலம் போடுவதிலிருந்து மாட்டுக்குத் தண்ணி காட்டுவதுவரை அவர்தான். கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை. மாதச் சம்பளம் என்று ஒன்று அவர் கைக்குப் போய் நான் பார்த்ததில்லை. 'பெத்த பொண்ணு மாதிரி வச்சிருக்கேன்' என்பார் பாட்டி. அதில் பொய் இல்லை; காய்ச்சல் வந்தால் பாட்டி அவர் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருப்பார். ஆனால் பெற்ற பெண்கள் மூவரும் பள்ளிக்கூடம் போனார்கள், கல்யாணம் ஆகிப் போனார்கள், பாகம் வாங்கினார்கள். மெய்ப்பாளரின் பென்சில் கேள்வி வந்த நாளில் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது கால்ஹூன் அல்ல, பாட்டி.

கல்கத்தாவிலிருந்து கப்பலேறியவர்களுக்கு ஒரு குடியகல்வுச் சீட்டு கொடுத்தார்கள். பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா, கிராமம், உயரம், உடம்பில் அடையாளம், நெருங்கிய உறவினர். இன்று டிரினிடாடிலிருந்தும் பிஜியிலிருந்தும் வருகிற பேரப்பிள்ளைகள் அந்தச் சீட்டின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு பீகாரிலும் வங்கத்திலும் ஊர் தேடுகிறார்கள். சிலருக்கு ஊர் கிடைக்கிறது. ஆட்களைச் சரக்காக எண்ணிய அலுவலகம் சரக்குக்குரிய கவனத்தோடு எழுதி வைத்ததால் கிடைத்தது அது. ஜோன்ஸின் உரையில் அவர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெயர் இல்லை. குடும்பத்தில் சேர்த்துக்கொள்ளப்பட்டவர்களுக்குச் சீட்டு எதற்கு?

அக்கா இறந்தபோது நான் கொல்கத்தாவில் இருந்தேன். இறப்பைப் பதிவு செய்யப் போன என் மாமாவிடம் அலுவலகத்தில் படிவம் கொடுத்திருக்கிறார்கள். பெயரை எழுதியிருக்கிறார். தந்தை பெயர் என்ற கட்டத்தில் வந்து நின்றிருக்கிறார். ஐம்பது வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தவரின் அப்பா பெயர் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் அந்தக் கட்டத்தில் என் தாத்தாவின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார்.